கிபிட்ஸ்: அரட்டை அல்ல, ஆட்காட்டி

இணையத்தில் இருவர் சதுரங்கம் ஆடும்போது மூன்றாம் ஆள் நடுவில் வாய் திறப்பதற்கு ‘கிபிட்ஸ்’ என்று பெயர். இதைத் தமிழில் ‘பார்வையாளர் அரட்டை’ என்கிறார்கள். ஒன்றிரண்டு முறை என்றால் விட்டிருப்பேன். போன வாரம் ஒரே கட்டுரையில் நான்கு இடத்தில் கண்ணில் பட்டது.

சொல்லின் கதை சின்னது. ஜெர்மன் மொழியில் கீபிட்ஸ் ஒரு பறவை. அதன் கத்தலே அதற்குப் பெயரானது. சீட்டாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவரையும் அப்படியே அழைத்தார்கள். ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷ் வழியாக 1920களின் இறுதியில் அமெரிக்க ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது.

சரி, ‘பார்வையாளர் அரட்டை’யில் என்ன தப்பு? பார்வையாளர் சும்மா பார்க்கிறவர். கிபிட்ஸ் செய்கிறவரோ சும்மா இருக்க முடியாதவர். அரட்டை என்றால் ஊர்க்கதையும் சேர்த்தி. இவர் பேசுவது பலகையில் இருக்கும் ஆட்டத்தைப் பற்றி மட்டும். இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். 1990களில் வந்த பழைய சதுரங்க சர்வர்களில் இரண்டு கட்டளைகள் இருந்தன. ‘விஸ்பர்’ என்று தட்டினால் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு மட்டும் செய்தி போகும். ‘கிபிட்ஸ்’ என்று தட்டினால் ஆடுகிற இருவருக்கும் சேர்த்தே போகும். அப்படியானால் ‘பார்வையாளர் அரட்டை’ என்பது விஸ்பருக்குத்தான் பொருந்தும். கிபிட்ஸுக்கு அதை வைத்தால் பொருள் தலைகீழாகிறது.

இத்தனைக்கும் நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது. அந்த ஜெர்மன் பறவையின் நெருங்கிய உறவு, அதே பேரினம், நம் ஏரிக்கரையில் திரிகிற ஆட்காட்டி. ஆள் வந்தால் போதும், ஊரைக் கூட்டிவிடும். அதே பெயரில் ஒரு விரலும் உண்டு. “அந்தக் குதிரையை எடு!” என்று பலகைக்கு மேலே நீள்வது அந்த விரல்தான். இதைவிட என்ன வேண்டும்?

ஆட்காட்டி என்றால் காட்டிக்கொடுப்பவன் என்ற பொருளும் உண்டே என்று ஒரு நண்பர் தயங்கினார். இருக்கட்டுமே. எதிராளி வைத்த பொறியை நம் காதில் போடுகிறவன் வேறென்ன செய்கிறான்? நேருக்கு நேர் ஆடும் போட்டிகளிலும் பார்வையாளர் ஆட்டத்தில் தலையிடக் கூடாது என்றுதான் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி சொல்கிறது.

அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை போலும். ‘சுக்ஸ்வாங்’ என்ற ஜெர்மன் சதுரங்கச் சொல்லுக்கு ‘நேர நெருக்கடி’ என்று எழுதியதையும் பார்த்தேன். நேர நெருக்கடிக்கு ஜெர்மன்காரர்கள் ‘சைட்நோட்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். சுக்ஸ்வாங்குக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. எந்தக் காயை நகர்த்தினாலும் கேடு, நகர்த்தாமலும் இருக்க முடியாது, அவ்வளவுதான். ‘நகர்வுக் கட்டாயம்’ என்றாலே போதும். நல்லவேளை, ‘சுக்’ என்றால் ஜெர்மனில் ரயில் என்றும் பொருள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.