சொல் விளக்கம்: புகைக்கொடி

2024 அக்டோபர் நடுவில் ஒரு சாயங்காலம், பினாங்குத் தீவின் மேற்கே பாலிக் புலாவ் பக்கத்துக் கடற்கரையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். கையில் இரண்டு பைனாகுலர், கூட ஒரு சின்னத் தொலைநோக்கி. சூரியன் இறங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கீழ்வானில் மேகம், முதுகுப் பக்கம் நிலா வேறு பெரிதாக ஏறியிருந்தது. சுசின்ஷான்-அட்லஸ் வால்மீனைத் தேடிப் பிடித்து, அக்கா மகனிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, வால் எங்கே? கொசுவத்திப் புகை மாதிரிதான் தெரியுது" என்றான்.

அவன் சொன்னதுதான் தமிழில் அதற்கு இருந்த பழைய பெயர். புகை.

இன்று நமக்குப் பழக்கமானவை வால் நட்சத்திரம், வால்மீன், இலங்கைத் தமிழர் சொல்லும் வால்வெள்ளி. மலாய்க்காரர்களின் 'பிந்தாங் பெரெக்கோர்' என்பதும் வாலுள்ள நட்சத்திரம்தான். சீனர்கள் வாலைத் துடைப்பமாகப் பார்த்துத் துடைப்ப நட்சத்திரம் என்றார்கள். கிரேக்கர்கள் கூந்தலாகப் பார்த்தார்கள். 'கோமே' என்றால் அவர்கள் மொழியில் தலைமுடி. நீண்ட கூந்தல் உடையது 'கோமேட்டேஸ்'. பள்ளிப் பிள்ளைகள் இன்று சொல்லும் 'கோமெட்' அதிலிருந்து வந்தது.

வால்மீனின் தலையைச் சுற்றிப் படரும் மங்கலான ஒளியைக் 'கோமா' என்கிறார்களே, அதுவும் இந்தக் கூந்தல்தான். மருத்துவமனையில் சொல்லும் கோமா வேறு. அது ஆழ்ந்த உறக்கம் என்ற பொருளுள்ள இன்னொரு கிரேக்கச் சொல். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் குழப்பம் வருகிறது. வால்மீனைப் பற்றி எழுதும்போது 'தலை' என்றே எழுதலாம் என்பது என் கருத்து. தலை, வால் இரண்டும் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

சரி, நம் பழைய பெயருக்கு வருவோம். வடமொழியில் இதற்குத் 'தூமகேது' என்று பெயர். தூமம் என்றால் புகை. கேது என்றால் கொடி. புறநானூற்றின் 117ஆம் பாட்டில் கபிலர் வெறும் 'தூமம்' என்கிறார். பாரியின் நாட்டில் "மைம்மீன் புகையினும், தூமம் தோன்றினும், தென்றிசை மருங்கின் வெள்ளி ஓடினும்" விளைச்சல் குறையாது என்பது பாட்டின் போக்கு. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் இன்னும் ஒரு படி போய், "கரியவன் புகையினும் புகைக்கொடி தோன்றினும்" என்று அந்தப் பெயரை முழுக்கத் தமிழாக்கிவிடுகிறார். புகைக்கொடி! பினாங்கில் நாம் புக்கிட் பெண்டேரா என்று சொல்லும் மலையின் பெயரில் இருப்பதும் இதே கொடிதான்; மலாயில் 'பெண்டேரா' என்றால் கொடி.

மைம்மீன், கரியவன் இரண்டும் சனிதான். அன்று எங்களுக்கு மேற்கே வால்மீன், அதற்கு இடப்புறம், தெற்கே தள்ளி வெள்ளி, பின்னால் திரும்பினால் கிழக்கே சனி. கபிலர் ஒரே மூச்சில் சொன்ன மூன்றும் ஒரே வானத்தில் நின்றன. அவர் காலத்தில் அவை பஞ்சத்தின் அறிகுறிகள். எங்களுக்கு அன்று மேகம் விலகியதே பெரிய பாக்கியமாக இருந்தது.

அழகுக்காக மட்டும் இந்தச் சொல்லை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. 'வால்' என்றால் ஓடும் திசைக்குப் பின்னால் இருக்க வேண்டும். வால்மீனின் வால் அப்படி இல்லை. அதன் தலைக்குள் இருக்கும், பனிக்கட்டியும் தூசியும் சேர்ந்த கரு சூரியனை நெருங்கும்போது சூடேறி, வாயுவையும் தூசியையும் கக்குகிறது. வாயுவைச் சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து பாய்ந்து வரும் நுண்துகள்களின் ஓட்டம், தள்ளுகிறது. தூசியைச் சூரிய ஒளியின் அழுத்தம் தள்ளுகிறது. அதனால் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீள்கிறது. சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும்போது வால்தான் முன்னால் போகும்! நாங்கள் பார்த்த வால்மீன் செப்டம்பர் 27ஆம் தேதியே சூரியனை மிக நெருங்கிக் கடந்துவிட்டது. காற்றடிக்கும் பக்கம் பறப்பது வால் அல்ல, கொடி.

புகை என்ற பாதியும் அதே அளவுக்குச் சரி. நட்சத்திரம் ஊசிமுனை போலத் தெரியும். வால்மீனின் ஒளியோ பரந்து கிடக்கும். தொலைநோக்கியில் உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட அந்த ஒளி இன்னும் பரவி மங்கிவிடும். அதனால்தான் ஆர்வலர்கள் முதலில் பைனாகுலரை எடுக்கிறார்கள். 10x50 என்றால் பத்து மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 50 மில்லிமீட்டர் அகலம்; அது போதும். நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் மங்கலான பகுதியும் தெரியவரும். ஜப்பானைச் சேர்ந்த ஆர்வலர் யுஜி ஹியாகுதாக்கே 1996 ஜனவரியில் தன் பெயர் கொண்ட வால்மீனைக் கண்டுபிடித்ததும் பைனாகுலரில்தான். அவருடையது 150 மில்லிமீட்டர், நம்முடையதைவிட மிகப் பெரியது.

'வால் நட்சத்திரம்' மட்டும் வேண்டாம். அது நட்சத்திரமே அல்ல. வால்மீனில் உள்ள 'மீன்' பழந்தமிழில் வானத்தில் மின்னுகிற எதையும் குறித்தது. கோளான சனியையே மைம்மீன் என்றவர்கள் நாம். ஆகவே பொதுப் பெயராக வால்மீன் இருக்கட்டும். அதன் நீண்ட ஒளியைப் பற்றி எழுதும்போது புகைக்கொடி என்று எழுதலாம்: தூசிப் புகைக்கொடி, வாயுப் புகைக்கொடி.

அக்கா மகன் அன்றைக்குத் தன் நோட்டில் மூன்று வரி எழுதி வைத்தான். மணி 7.45. மேற்கு. அப்புறம், "புகை, கொடி மேலே பார்த்து இருக்கு."