ஒட்டுக் கட்டினால் ஒட்டுவது எது?

நீலம் மாம்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கொல்லையில் புதைத்தால் முளைக்கும், மரமாகும், காய்க்கவும் செய்யும். காய்ப்பது மட்டும் நீலம் ரகமாக இருக்காது. அந்தப் பூவுக்கு மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்ததோ! கொட்டைக்குள் இருப்பது புதுப் பிள்ளை, தாயின் நகல் இல்லை. அதே நீலம் வேண்டுமென்றால் அந்த மரத்தின் குச்சியையே வெட்டி வந்து, வேறொரு மாங்கன்றின் மேல் ஒட்டுக் கட்ட வேண்டும்.

இந்த 'ஒட்டு' என்ற சொல்லே ஆளைக் குழப்பிவிடுகிறது. விதைப் பாக்கெட்டில் 'வீரிய ஒட்டுத் தக்காளி' என்று போட்டிருப்பது, மகரந்தச் சேர்க்கையால் இரண்டு ரகங்களைக் கலந்த கலப்பினம். நீலத்தையும் தசேரியையும் கலந்து உண்டாக்கிய மல்லிகா மாம்பழமும் அந்த வகைதான். ஒட்டு மாங்கன்றில் கலப்பே கிடையாது. கட்டுக்கு மேலே ஒரு மரம், கீழே இன்னொரு மரம், எத்தனை வருடம் ஆனாலும் அப்படியேதான். உத்தரப் பிரதேசத்து மலிஹாபாத்தில் கலீமுல்லா கான் ஒரே மாமரத்தில் 300க்கும் மேற்பட்ட ரகங்களை ஒட்டியிருக்கிறார். கிளைக்குக் கிளை பழம் வேறு.

ஒட்டிக்கொள்கிறது என்பதும் பாதிதான் சரி. வெட்டிய பழைய மரத்திசு ஒட்டவே ஒட்டாது. மாங்கிளையில் பட்டையை உரித்தால் உள்ளே வழவழவென்று ஈரமாக இருக்குமே, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய அடுக்குக்குக் கேம்பியம் என்று பெயர். தண்டு பருப்பது அதனால்தான். உள்பக்கம் நீர் ஏற்றும் குழாய்களையும், வெளிப்பக்கம் இலையின் உணவை இறக்கும் குழாய்களையும் அது உண்டாக்கிக்கொண்டே இருக்கும். காயம் பட்டதும் அந்தப் பகுதியில் உள்ள செல்கள் வேகமாகப் பெருகி, இன்ன வேலை என்று இல்லாத மென்மையான திசுவாகப் பொங்குகின்றன. இருபுறமிருந்தும் பொங்கிய திசு நடுவில் சந்திக்க, அதற்குள் புதுக் கேம்பியம் உருவாகி இரண்டு கரைகளையும் இணைக்கிறது. அப்புறம்தான் குழாய்கள். மேல் குச்சியின் மொட்டிலிருந்து இறங்கிவரும் ஆக்சின் என்ற ஹார்மோன் அதைத் தூண்டுகிறது.

ஆக, கேம்பியமும் கேம்பியமும் தொட வேண்டும், அவ்வளவுதான். என் முதல் முயற்சிகள் அத்தனையும் கருகியது இதைப் புரிந்துகொள்ளாததால்தான். கன்றின் தண்டு பருமன், குச்சி மெலிசு. அழகாக இருக்கட்டும் என்று குச்சியை நட்டநடுவில் செருகினேன். இரண்டு பக்கமும் கேம்பியம் கேம்பியத்தைத் தொடவில்லை. பருமன் பொருந்தாவிட்டால் ஒரு பக்கமாக ஒதுக்கி, அந்த ஓரமாவது பொருந்தும்படி வைக்க வேண்டும்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. காய்க்கிற மரத்தில் பென்சில் கனமுள்ள நுனிக் கிளையைத் தேர்ந்து, ஒரு வாரம் பத்து நாள் முன்பே காம்பை விட்டு இலைகளை மட்டும் வெட்டிவிட்டால் நுனி மொட்டு உப்பி நிற்கும். கன்றின் தலையை வெட்டி, நடுவில் நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளந்து, குச்சியின் அடியை ஆப்பு போலச் சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். பிளேடு புதிதாக இருக்கட்டும், சீவிய இடத்தில் விரல் படக் கூடாது. குழாய் இணையும் வரை குச்சிக்குத் தண்ணீர் சரியாகக் கிடைக்காது என்பதால், காய்ந்துபோகாமல் இருக்க மேலே குச்சி ஐஸ் கவர் ஒன்றைத் தொப்பியாக மாட்டி, கன்றை நிழலில் வைத்துவிடலாம்.

இரண்டு மூன்று வாரத்தில் செம்பு நிறத்தில் தளிர் வரும். உடனே கொண்டாடிவிடக் கூடாது. குச்சி தன்னிடம் சேர்த்துவைத்த உணவைக் கொண்டே கொஞ்சம் துளிர்க்கும், இணைப்பு அமையாவிட்டால் பிறகு வாடிவிடும். தளிர் இலையாகிப் பச்சை பிடித்தால் நம்பலாம்.

எதையும் எதன் மேலும் கட்ட முடியாது, நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டும். சப்போட்டாவைப் பாலை மரக் கன்றில் ஒட்டுகிறார்கள், இரண்டும் ஒரே பேரினம். தென்னைக்கும் பனைக்கும் கேம்பியமே இல்லை, அதனால் அங்கே இந்த வேலை ஆகாது.

ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருடத்தில் காய்ப்பதற்கும் காரணம் குச்சிதான். பூக்கும் வயதுக்கு வந்துவிட்ட மரத்தின் துண்டு அது, கன்று நட்ட முதல் வருடமே பூத்தாலும் பூக்கும். அந்தப் பூவைக் கிள்ளிவிடுவது நல்லது. கட்டுக்குக் கீழே துளிர்ப்பதையும் விடாமல் கிள்ள வேண்டும். அது வேர்ச்செடியின் தளிர், விட்டால் மேலே உள்ளதை அமுக்கிவிட்டு அதுவே மரமாகிவிடும். பங்கனப்பள்ளி என்று வாங்கி நட்டது நாட்டு மாங்காய் காய்த்தால், நர்சரிக்காரரைத் திட்டக் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை குனிந்து அடித்தண்டைப் பாருங்கள்.