மெய்நிகர் சாதனம்: க்யூஆட்டோவிஆர்டி என்ற பெயருக்குள்

ஐபிஎம் 1988-இல் கொண்டுவந்த ஏஎஸ்/400 கணினியில், திரையும் விசைப்பலகையும் கொண்ட 5250 முனையங்களை ட்வைனாக்ஸ் கேபிளால் இணைத்தார்கள். ஒவ்வொரு முனையத்துக்கும் கணினிக்குள் ஒரு 'டிவைஸ் டிஸ்கிரிப்ஷன்', அதாவது சாதன விவரிப்பு இருக்கும். டெல்நெட் வழியே, அதாவது வலையமைப்பு மூலம் தொலைவிலிருந்து வருபவருக்கு அப்படியொரு முனையம் கிடையாது. ஆனால் சாதன விவரிப்பு இல்லாமல் அமர்வு தொடங்காதே! சரி, கணினியே ஒன்றை உருவாக்கி, க்யூபேடெவ்0001 என்பது போல் பெயரும் வைத்துவிடுகிறது. இதுதான் விர்ச்சுவல் டிவைஸ்.

'விர்ச்சுவல்' என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'விர்ட்டஸ்': ஆற்றல், வலிமை. அதிலிருந்து 'உருவில் இல்லாவிட்டாலும் பயனில் அதுவேயான' என்ற பொருள் வந்தது. தமிழில் சிலர் 'மாயச் சாதனம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாயம் என்றால் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. இங்கே அமர்வு உண்மை, அதில் நடக்கும் வேலையும் உண்மை. 'மெய்நிகர்' என்பதில் 'நிகர்' என்றால் சமம். மெய்யான முனையத்துக்குச் சமமாக நிற்பது. லத்தீன் வேரின் பொருளும் இதில் கெடவில்லை.

இந்த உருவாக்கத்தைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம் வேல்யூதான், அதாவது கணினி முழுமைக்குமான அமைப்பு மதிப்புதான் க்யூஆட்டோவிஆர்டி. முதலெழுத்து க்யூ, ஐபிஎம் தன் சொந்தப் பொருள்களுக்கு வைக்கும் அடையாளம். ஆட்டோ என்பது 'தானாக'. விஆர்டி என்பது விர்ச்சுவலின் சுருக்கம். இதைத் 'தானியங்கி மெய்நிகர் சாதனம்' என்று பெயர்த்தால் பொருள் பிசகும். தானாக நடப்பது சாதனத்தின் இயக்கமல்ல, அதன் உருவாக்கம். 'தானாக உருவாகும் மெய்நிகர் சாதனங்களின் உச்சவரம்பு' என்பது நீளம்தான், ஆனால் சரி.

இதில் 0 என்று வைத்தால் எதுவும் தானாக உருவாகாது. இல்லையென்றால் 32500 வரை எண் தரலாம். நோமேக்ஸ் என்றால் வரம்பே இல்லை. அங்கேதான் கவனம் வேண்டும். தவறான கடவுச்சொல்லுக்கு 3 வாய்ப்பு என்று வைத்து, மீறினால் சாதனத்தை மட்டும் முடக்கச் சொல்லியிருந்தால், ஒன்று முடங்கியதும் அடுத்ததில் முயலலாம்; 10 மெய்நிகர் சாதனங்கள் கடவுச்சொல்லை ஊகிப்பவருக்கு 30 வாய்ப்பைத் தந்துவிடும். எந்தப் பெயரில் முயன்றாரோ அந்த யூசர் ப்ரொஃபைலையும், அதாவது பயனர் கணக்கையும் சேர்த்து முடக்கும்படி அமைப்பதே நல்லது.

அப்புறம், எண்ணைப் பின்னால் குறைத்தாலும் ஏற்கெனவே உருவானவை அழியாது. டிஎல்டிடெவ்டி கட்டளை கொடுத்து நாமேதான் நீக்க வேண்டும்.