டோர்க் கன்வேட்டர் வாங்குமுன் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்

வெள்ளவத்தை அண்ணர் ஒருவர் சென்ற மாதம் காரோடு வந்தார். "தம்பி, சிக்னலில் பச்சை விழுந்தாலும் இது நகர மாட்டேன் என்கிறது." எஞ்சின் 1,500 சிசி. வேறொரு கராஜில் பாவித்த டோர்க் கன்வேட்டர் (ஓட்டோ கியர் காரில் எஞ்சினின் சக்தியை ஒயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். போல்ட் துளையும் உள்பற்களும் சரியாக இருந்ததால் போதும் என்று விட்டிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தால், அது 1,800 சிசி எஞ்சினுக்கு உரியது.

பிரேக்கை இறுக்கி மிதித்தபடி அக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் எஞ்சின் எத்தனை சுற்றில் போய் நிற்கிறதோ, அதுதான் ஸ்டோல் வேகம். பலமான எஞ்சினுக்கு என்று செய்த கன்வேட்டரைச் சிறிய எஞ்சினில் பூட்டினால் ஸ்டோல் வேகம் குறைந்துவிடும்; எஞ்சினைச் சுற்று ஏற விடாது. புறப்படும்போது இழுவை இல்லாமல் போனது அதனால்தான். (நீங்களாக இதைச் சோதிக்க வேண்டாம். ஐந்து வினாடி தாண்டினாலே ஒயில் கடுமையாகச் சூடாகிவிடும்.)

ஆகவே கொழும்பில் பாவித்த உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது காரின் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லாதீர்கள். எஞ்சின் குறியீடு, கியர்பொக்ஸ் குறியீடு, செசி நம்பர் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள்.

கடையில் கன்வேட்டரை வெள்ளைத் துணிமேல் கவிழ்க்கச் சொல்லுங்கள். மிச்ச ஒயில் வடியும். அதில் வெள்ளித் தூள் மினுங்கினால் வேண்டாம்; வெல்டிங் செய்து மூடிய சாமான், வெட்டித் திறக்காமல் உள்ளே முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. அப்புறம் விரலை உள்ளே விட்டு ஸ்டேட்டரின் (உள்ளே ஒயில் ஓட்டத்தைத் திருப்பிவிடும் சக்கரம்) பற்களைத் திருப்புங்கள். ஒரு பக்கம் இலகுவாகச் சுழல வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுழன்றால் ஒருவழிக் கிளச் போய்விட்டது. கியர்பொக்ஸுக்குள் நுழையும் கழுத்துப் பகுதியை நகத்தால் தடவுங்கள். கீறல் தட்டுப்பட்டால் புது சீல் போட்டாலும் ஒயில் கசியும்.

அறுபது, எழுபது வேகத்தில் கார் அதிர்கிறது என்பதற்காக மட்டும் கன்வேட்டரை மாற்ற ஓடாதீர்கள். கன்வேட்டருக்குள் இருக்கும் லொக்-அப் கிளச் (வேகம் பிடித்ததும் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் நேரடியாகப் பிணைப்பது) நழுவுவதால் வரும் அதிர்வாக அது இருக்கலாம். சில வேளை உரிய ரக ஒயிலை மாற்றியதுமே நின்றுவிடும்.

பூட்டும் நாளில் கூடவே நில்லுங்கள். கியர் ஒயிலைக் குளிர்விக்கும் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவாவிட்டால் பழைய தூள் புதியதற்குள் போகும். கன்வேட்டர் கடைசிவரை உள்ளே இறங்கியிருந்தால், எஞ்சினோடு கியர்பொக்ஸைச் சேர்த்த பிறகும் பிளெக்ஸ் பிளேட்டுக்கும் (எஞ்சினின் பின்புறத்தில் கன்வேட்டரைப் பூட்டும் தகடு) கன்வேட்டருக்கும் சில மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். இல்லாமல் போல்ட்டால் இழுத்து இறுக்கினால் ஒயில் பம்ப் உடையும். அந்த இடைவெளியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வேலை தெரிந்த பாஸ் டோர்ச் அடித்துக் காட்டுவார்.