ரத்த வங்கி ஊழியருக்கு வேலை தெரியுமா? யார், எப்படிச் சோதிக்க வேண்டும் என்கிறது விதி

ரத்தம் ஏற்றும்போது படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கும் மருத்துவரையும் செவிலியரையும் நோயாளியின் வீட்டார் பார்க்கிறார்கள். அந்தப் பையில் இருப்பது இவருக்குச் சேரும் என்று சொன்னவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் வேறோர் அறையில், ஒரு டியூப்பை மெல்லச் சாய்த்து, அடியில் படிந்த சிவப்பணுக்கள் கட்டியாகப் பெயர்கின்றனவா, புகை போலக் கலைகின்றனவா என்று பார்த்து, தாளில் ஒரு குறி போட்டவர். அந்தக் குறி தப்பாகி, ஏ பிரிவு ரத்தம் ஓ பிரிவுக்காரருக்குப் போய்விட்டால், சில மில்லிலிட்டர் உள்ளே இறங்குவதற்குள்ளாகவே ஆபத்து தொடங்கிவிடலாம்.

அந்த டெக்னீஷியனுக்கு வேலை தெரியும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? படித்துவிட்டு வந்தவர்தானே என்று விட்டுவிடலாமா? வருடத்துக்கு ஒருமுறை கேள்வித்தாள் கொடுத்து மார்க் போட்டால் போதுமா? போதாது என்று விதிகளே சொல்கின்றன. எந்த விதி எவ்வளவு கேட்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

நுழையும்போது கேட்கும் தகுதி

இந்தியாவில் ரத்தம் சட்டப்படி ஒரு மருந்து. அதனால் ரத்த வங்கிகள் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழும், 1945ஆம் ஆண்டு விதிகளின் கீழும் வருகின்றன. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ‘ரத்த மையம்’ என்பதுதான் அதிகாரப்பூர்வப் பெயர். பேச்சில் இன்னும் ரத்த வங்கிதான். உரிமம் இல்லாமல் நடத்த முடியாது. உரிமம் வேண்டுமென்றால் விதி சொல்லும் தகுதியுள்ள ஆட்கள் இருக்க வேண்டும். டெக்னீஷியன் என்றால், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் பட்டமும் ரத்தப் பரிசோதனையில் 6 மாத அனுபவமும், அல்லது டிப்ளமோவும் 1 வருட அனுபவமும் என்பது இந்த விதிகள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் அளவுகோல்.

இந்தத் துறை இங்கே ஒழுங்குக்கு வந்ததில் நீதிமன்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1996 ஜனவரி 4 அன்று ‘காமன் காஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புதான், காசுக்கு ரத்தம் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தவும், தேசிய ரத்த மாற்று மன்றத்தை அமைக்கவும் வழி செய்தது. ரத்த வங்கிப் பணிக்கென்று தனியாகப் படித்த ஆட்கள் வேண்டும், அதற்கான படிப்புகளைத் தொடங்க வேண்டும் என்பதும் அதில் வந்தது.

சரி, வேலைக்குச் சேர்ந்த பிறகு? அதே விதிகளின் ‘எஃப்’ அட்டவணை, ஒவ்வோர் ஊழியரும் தாம் செய்யும் வேலைக்குரிய செயல்முறைகளில் போதிய பயிற்சி பெற்றிருப்பதை உரிமம் பெற்றவர் உறுதி செய்ய வேண்டும் என்கிறது. தொடக்கப் பயிற்சி, தொடர் பயிற்சி இரண்டும் வேண்டும், பதிவேடும் வேண்டும். பொறுப்பை உரிமம் வைத்திருப்பவர் தலையில் வைத்தது நல்ல ஏற்பாடு. ஆனால் பயிற்சி கொடுத்தாயா என்று கேட்பது வேறு, அது அவர் கையில் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது வேறு. எப்படிப் பார்ப்பது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பதை அட்டவணை வரிசைப்படுத்திச் சொல்லவில்லை. அந்த இடத்தில் அமெரிக்க விதி மிகத் தெளிவாக இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஆறு வழிகளில் பார்

அமெரிக்காவில் மனித மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகங்களுக்கு ‘கிளியா’ என்ற 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பொருந்தும். அதன் விதிகள் 1992இல் வெளியாயின. நோயாளியின் மாதிரியைச் சோதித்து முடிவு சொல்லும் ஒவ்வொருவரையும் முதல் வருடத்தில் குறைந்தது 6 மாதத்துக்கு ஒருமுறையும், அதன்பின் வருடத்துக்கு ஒருமுறையும் மதிப்பிட வேண்டும். சோதிக்கும் முறையோ இயந்திரமோ மாறினால் இந்தக் கணக்கு செல்லாது. புதிய முறையில் அவர் நோயாளிக்கு முடிவு எழுதுவதற்கு முன்பே மறுபடி மதிப்பிட்டாக வேண்டும்.

பகுதிநேரமாக வருபவர், இரவு ஷிப்டில் மட்டும் வருபவர், மேற்பார்வையாளராக இருந்துகொண்டு அவ்வப்போது டியூப்பைக் கையிலெடுப்பவர், யாருக்கும் விலக்கு கிடையாது. என்னைக் கேட்டால், பகலில் வேறு பிரிவில் இருந்துவிட்டு இரவில் மட்டும் ரத்த வங்கியைப் பார்த்துக்கொள்பவரைத்தான் முதலில் மதிப்பிட வேண்டும். அவசர ரத்தம் கேட்டு ஆள் வந்து நிற்கும் நேரத்தில் பக்கத்தில் கேட்டுக்கொள்ள அவருக்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

மதிப்பிடும் வழிகள் ஆறு. முதலாவது, அவர் வேலை செய்யும்போது கூடவே நின்று பார்ப்பது. மாதிரியை வாங்குவதிலிருந்து பார்க்க வேண்டும். டியூப்பில் உள்ள பெயரையும் எண்ணையும் படிவத்தோடு ஒப்பிட்டாரா? ஒரு எழுத்து மாறியிருந்தால் ‘பரவாயில்லை, இவர்தான்’ என்று எடுத்துக்கொண்டாரா, திருப்பி அனுப்பினாரா? ரத்தமேற்றலில் நடக்கும் பெரிய விபத்துகளில் பல சோதனையின் நுட்பத்தில் பிறப்பதில்லை. ஒருவருடைய டியூப்பில் இன்னொருவருடைய பெயர் ஏறுகிற இடத்தில் பிறக்கின்றன. பிரிட்டனில் 1996 முதல் ரத்தமேற்றல் தவறுகளைத் திரட்டிவரும் ‘ஷாட்’ அமைப்பின் அறிக்கைகளில், சமீப வருடங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மனிதத் தவறாகவே இருக்கின்றன.

கூட நின்று பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தலைமையாசிரியர் வகுப்புக்குள் நுழைந்தால் கடைசி பெஞ்ச்கூட நிமிர்ந்து உட்காரும். அதை ஈடுகட்டத்தான் ஐந்தாவது வழி இருக்கிறது. ஏற்கெனவே சோதித்து விடை தெரிந்த மாதிரியைப் புது எண் போட்டு, வழக்கமான மாதிரிகளோடு கலந்து கொடுத்துவிடுவது. அது சோதனை மாதிரி என்று அவருக்குத் தெரியாது. வெளியிலிருந்து வரும் தர ஒப்பீட்டு மாதிரிகளையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

இரண்டாவதும் மூன்றாவதும் தாளைப் பார்ப்பது. முடிவை எழுதுவதும் அறிக்கையாக அனுப்புவதும் சரியாக நடக்கிறதா என்பது ஒன்று. வொர்க்‌ஷீட், தரக்கட்டுப்பாட்டுப் பதிவு, பராமரிப்புப் பதிவு ஆகியவற்றைப் புரட்டுவது மற்றொன்று. நான்காவது, சென்ட்ரிபியூஜ் (டியூப்பை வேகமாகச் சுழற்றும் கருவி), குளிர்பெட்டி போன்ற கருவிகளை அவர் பராமரித்துச் சரிபார்ப்பதை நேரில் பார்ப்பது. சுழலும் வேகமோ நேரமோ தப்பினால் இல்லாத கட்டி தெரியும், இருக்கும் கட்டி கலைந்துபோகும் என்பதால், ரத்த வங்கியில் இது சில்லறை வேலை இல்லை.

தாளைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்குக் கூம்ப்ஸ் சோதனை (சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்புப் பொருளை, கண்டறியும் சோதனை) நல்ல உதாரணம். சிவப்பணுக்களை உப்புநீரில் மூன்று, நான்கு முறை கழுவிவிட்டுத்தான் ஆன்டிகுளோபுலின் திரவத்தைச் சேர்க்க வேண்டும். கழுவுவதில் அவசரப்பட்டால் மிச்சமிருக்கும் பிளாஸ்மா அந்தத் திரவத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். உண்மையில் ஒவ்வாத ரத்தம்கூட ‘ஒத்துப்போகிறது’ என்று காட்டும். அதனால் கட்டி வராத ஒவ்வொரு டியூப்பிலும், ஆன்டிபாடி பூசிய செல்களைக் கடைசியில் சேர்த்துப் பார்ப்பார்கள். இப்போது கட்டி வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் முந்தைய முடிவு செல்லாது. முதலிலிருந்து செய்ய வேண்டும். இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. எழுத்துத் தேர்வில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். வேலை குவியும் நாளில் அந்தக் கடைசிப் படியை விட்டுவிடுபவர் யார் என்பது வொர்க்‌ஷீட்டில் உள்ள காலிக் கட்டத்தில்தான் தெரியும்.

கேள்வித்தாளுக்கு இடம் எங்கே?

ஆறாவது வழி, சிக்கல் வந்தால் தீர்க்கத் தெரியுமா என்று பார்ப்பது. எழுத்துத் தேர்வு பொருந்துவது இங்கேதான். அறிவைச் சோதிப்பது வேண்டாத வேலை இல்லை. அது மட்டுமே போதும் என்று நினைப்பதுதான் பிழை.

கேள்வியும் அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும். ஏபிஓ பிரிவுகளைக் கண்டறிந்தவர் யார் என்று கேட்டால் லேண்ட்ஸ்டெய்னர் என்று எழுதிவிட்டுப் போவார்கள். அதனால் நோயாளிக்கு என்ன பயன்? இப்படிக் கேட்கலாம்: செல் குரூப்பிங்கில் (நோயாளியின் சிவப்பணுவைச் சோதிப்பது) ஓ என்று வருகிறது, சீரம் குரூப்பிங்கில் (அவருடைய சீரத்தில் உள்ள ஆன்டிபாடியைச் சோதிப்பது) ஏ செல், பி செல் மட்டுமல்ல, ஓ செல்லோடும் பலமாகக் கட்டி வருகிறது. ரத்தம் அவசரம். என்ன செய்வீர்கள்?

இதற்குப் ‘பாம்பே குரூப்’ என்று உடனே எழுதுபவர் பாதி மார்க் வாங்குகிறார். 1952இல் பம்பாயில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு ஊர்ப்பெயரையே பெற்ற அரிய பிரிவு அது. அவர்களுக்கு அதே பிரிவு ரத்தம்தான் ஏற்ற முடியும், சாதாரண ஓ ரத்தமும் ஒவ்வாது. ஆனால் குளிரில் வேலை செய்யும் ஆன்டிபாடியோ, வேறு சிவப்பணு ஆன்டிபாடியோ இருந்தாலும் இதே தோற்றம் வரலாம். ‘முடிவை நிறுத்தி வைப்பேன், ஆன்டி-எச் (பாம்பே குரூப்பில் இல்லாத எச் பொருளைக் காட்டும் திரவம்) போட்டுப் பார்ப்பேன், அவருடைய சொந்த செல்லோடு சேர்த்துப் பார்ப்பேன், முன்பு ரத்தம் ஏற்றியிருக்கிறாரா என்று கேட்பேன், மருத்துவ அதிகாரிக்குச் சொல்வேன்’ என்று எழுதுபவருக்குத்தான் முழு மார்க்.

பச்சிளங்குழந்தையின் மாதிரியில் சீரம் குரூப்பிங் செய்து முடிவெடுக்கலாமா என்பதும் நல்ல கேள்வி. கூடாது, அந்த ஆன்டிபாடிகளைக் குழந்தையின் உடல் இன்னும் உருவாக்கத் தொடங்கியிருக்காது, தெரிவது தாயுடையதாக இருக்கலாம். பிளாஸ்மா பற்றி ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும். சிவப்பணுவில் ஓ எல்லோருக்கும் போகும் என்று மனத்தில் பதிந்துவிடுவதால், பிளாஸ்மாவில் கணக்கு தலைகீழ் என்பது அவசரத்தில் மறந்துபோகிறது. ஓ பிளாஸ்மா ஓ பிரிவினருக்கு மட்டும்தான். எல்லோருக்கும் போகக்கூடியது ஏபி பிளாஸ்மா.

ஆளுக்கு ஒரு சோதனை, ஆய்வகத்துக்கு ஒரு சோதனை

இவை இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இதுவரை சொன்னது தனி ஊழியரைப் பற்றியது. ஆய்வகம் மொத்தமும் சரியாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து மாதிரி அனுப்பிச் சோதிப்பது தனி ஏற்பாடு. கிளியா விதியில் வருடத்துக்கு 3 சுற்று, சுற்றுக்கு 5 மாதிரி. மற்றப் பல சோதனைகளில் 80 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆனால் ஏபிஓ பிரிவு, ஆர்எச்-டி (பாசிட்டிவா, நெகட்டிவா என்பது), கிராஸ் மேட்ச் (கொடையாளியின் ரத்தம் நோயாளிக்கு ஒத்துப்போகுமா என்பது) இவற்றுக்கு 100 சதவீதம் வேண்டும். ஐந்தில் ஒன்று தப்பினாலும் அந்தச் சுற்று தோல்விதான். கடுமை என்று தோன்றலாம். ஆனால் ஐந்து பேரில் நான்கு பேருக்குச் சரியான ரத்தம் கொடுத்தேன் என்று யாரும் பெருமைப்பட முடியாதே.

அந்த மாதிரியை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பி விடை கேட்பதும், பக்கத்து ஆய்வகத்தோடு பேசிவைத்துக்கொள்வதும் தடை. தெரிந்தே வெளியே அனுப்பினால் ஆய்வகத்தின் சான்றே ரத்தாகலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002ஆம் ஆண்டு ரத்த வழிகாட்டு ஆணையும், அதன் தொடர்ச்சியாக 2005இல் வந்த தர ஆணையும் இதே வழியில்தான் போகின்றன. ஊழியரின் திறனை ஒழுங்காக மதிப்பிட வேண்டும், பயிற்சித் திட்டத்தையே அவ்வப்போது பரிசீலிக்க வேண்டும் என்கிறது பின்னது. பயிற்சி பெற்றவரை மட்டுமல்ல, பயிற்சியையும் சோதி என்று சொன்னது எனக்குப் பிடித்த அம்சம். பிரிட்டன் இதைத் தன் 2005ஆம் ஆண்டு ரத்தப் பாதுகாப்பு மற்றும் தர ஒழுங்குமுறைகளில் எடுத்துக்கொண்டது. மருத்துவமனை ரத்த வங்கிகளுக்கும் அது பொருந்தும். யார் கொடுத்த ரத்தம் யாருக்குப் போனது என்ற பதிவை 30 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி.

சட்டம் கேட்காத இடத்திலும் தரச் சான்று கேட்கிறது. மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலையின் 2012 பதிப்பு, திறனை மதிப்பிடும் வழிகளாகக் கிட்டத்தட்ட அதே பட்டியலைத்தான் தந்தது. அந்தச் சான்று வேண்டும் என்று முன்வரும் ஆய்வகம் எந்த நாட்டில் இருந்தாலும் ஊழியரின் திறனை மதிப்பிட்டாக வேண்டும்.

தேறாவிட்டால்?

வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் மதிப்பீடு நாடகமாகிவிடும். தேறாதவரை அந்தச் சோதனையின் முடிவை எழுதுவதிலிருந்து நிறுத்தி வைப்பார்கள். எங்கே இடறினார் என்று பார்த்துப் பயிற்சி கொடுப்பார்கள். அப்புறம் மறுபடி மதிப்பிடுவார்கள். கிளியா விதியிலும் யாருக்கு என்ன பயிற்சி தேவை என்று கண்டுபிடித்து அதைக் கிடைக்கச் செய்வது மேற்பார்வையாளரின் கடமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. மூன்று பேர் ஒரே இடத்தில் இடறினால் குறை அந்த மூவரிடம் இருக்காது. எழுதிவைத்த செயல்முறையில் இருக்கும்.

பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று ஊழியர்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. எந்தத் தேதியில், எந்தச் சோதனையில், எந்த மாதிரி எண்ணில், யார் பார்த்தார் என்பது தெரிய வேண்டும். பன்னிரண்டு பேருடைய தாளிலும் ஒரே நாளில், ஒரே பேனாவில், எல்லாக் கட்டத்திலும் ‘சரி’ குறி இருந்தால் ஆய்வுக்கு வருபவர் மேற்கொண்டு எதையும் கேட்கத் தேவையில்லை.

வேலை மாறிப் போகிறவர்களுக்கு ஒன்று. பழைய இடத்தில் தேறிய தாளின் நகல் கையில் இருந்தால் உங்கள் அனுபவத்துக்குச் சான்றாகும். ஆனால் புதிய இடத்தில் டியூப்புக்குப் பதில் ஜெல் கார்டு இருக்கலாம், கருவி வேறாக இருக்கலாம், படிவமும் வேறாக இருக்கலாம். இருபது வருட அனுபவம் இருந்தாலும் முதல் வருடக் கணக்கு அங்கே புதிதாகத்தான் தொடங்கும்.