ஆர்.டி. 350க்குக் காதால் டைமிங் வைக்காதீர்கள்

டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை, சத்தம் கேட்டே வைத்துப் பிஸ்டன் போன ராஜ்தூத் ஆர்.டி. 350 பைக், இந்த மாதத்தில் என் பட்டறைக்கு இது மூன்றாவது. ஹெட்டைக் கழற்றினால் வலது பிஸ்டனின் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. உருகிய அலுமினியம் பிளக் முனையில் பொடிப்பொடி உருண்டைகளாக ஒட்டியிருக்கிறது. வண்டியைக் கொண்டுவந்த தம்பிக்கு முகமே இல்லை. "போன வாரம்தான் அண்ணா டைமிங் வச்சோம். சவுண்ட் அருமையா இருந்துச்சு. திண்டிவனம் தாண்டி ஆறாவது கியர்ல போகும்போது பட்டுனு நின்னுடுச்சு."

பாயிண்ட் பிளேட்டை (தீப்பொறியைத் தூண்டும் தொடுமுனைகளான பாயிண்டுகள் இருக்கும் தட்டு) தொடாமல், வேறு பிஸ்டன் போட்டு, தீப்பொறி விழும்போது பிஸ்டன் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று டயல் கேஜில் (முள் காட்டும் அளவுகருவி) அளந்தேன். இடது பக்கம் 2.0 மி.மீ., கச்சிதம். வலது பக்கம் 2.9.

புல்லட்டில் கை பழகியவர்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். பழைய புல்லட்டில் பாயிண்டுக்குப் பின்னால் ஆட்டோ அட்வான்ஸ் இருக்கிறது. வேகம் கூடக்கூட எடைகள் விரிந்து, தீப்பொறி விழும் நேரத்தை அதுவே முன்னே தள்ளும். எஸ்கார்ட்ஸ் 1983இல் இங்கே கொண்டுவந்த ராஜ்தூத் ஆர்.டி.யில் அந்த ஏற்பாடே கிடையாது. ஐடிலிலும் 2.0தான், 7000 சுற்றிலும் 2.0தான். பிளேட்டைக் கொஞ்சம் முன்னே திருப்பினால் ஐடிலில் சத்தம் கூர்மையாகும், பிக்கப் துள்ளும். நின்ற இடத்தில் கேட்கிற காதுக்கு அது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிஸ்டன் ஓட்டையாவது நின்ற இடத்தில் இல்லை. நெடுஞ்சாலையில், முழு லோடில், காற்றிரைச்சலில், தீப்பொறி முன்கூட்டியே விழுவதால் எஞ்சின் தட்டுகிற சத்தம் உங்களுக்குக் கேட்கவே கேட்காது. அதுவும் இரண்டு சிலிண்டர். ஒன்று கெட்டிருந்தால் மற்றொன்றின் சத்தம் அதை மூடிவிடும். ஒரு மில்லிமீட்டர்தானே என்கிறார்கள். 2 மி.மீ. என்பது கிராங்கின் (பிஸ்டனோடு இணைந்து சுழலும் தண்டு) சுழற்சியில் சுமார் 20 டிகிரி. 3 ஆனால் 24ஐத் தாண்டிவிடும்.

சரி, எப்படி வைப்பது? முதலில் இரண்டு பாயிண்டுக்கும் கேப் (திறக்கும்போது உள்ள இடைவெளி), 0.35 மி.மீ. டைமிங் வைத்துவிட்டு அப்புறம் கேப்பைத் தொட்டால் டைமிங் ஓடிவிடும், மறுபடி முதலிலிருந்து. பிளக் துளையில் டயல் கேஜை மாட்டி, பிஸ்டன் டாப்பில், அதாவது உச்சியில், நிற்கும்போது பூஜ்யம் வையுங்கள். கிராங்கைப் பின்னால் 4 மி.மீ. வரை கொண்டுபோய், மெதுவாக முன்னே வாருங்கள். முள் 2.0ஐத் தொடும்போது பாயிண்ட் வயரில் மாட்டிய பல்பு எரிய வேண்டும். அதே வேலையை அடுத்த பக்கத்துக்கும் முழுதாகச் செய்யுங்கள். இரண்டு பாயிண்டும் ஒரே பிளேட்டில் இருப்பதால் ஒன்று சரியானால் மற்றதும் சரி என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பல்பு ஒரு சுற்றில் 2.0இலும் அடுத்த சுற்றில் 2.3இலும் எரிந்தால் கிராங்க் பேரிங்கைப் பாருங்கள். அந்த ஆட்டத்தோடு எந்த டைமிங்கும் நிற்காது.

"வால்வ் டைமிங்கும் பாத்துடுங்க" என்று கேட்பவர்களுக்கு: இந்த எஞ்சினில் திருப்பி வைக்கிற வால்வே இல்லை. ரீட் வால்வ் கிராங்க் கேஸின் உறிஞ்சலில் தானே திறந்து மூடும். இதழ் நுனி பிய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். வால்வ் டைமிங்குக்குச் சமமானது போர்ட்டின் (சிலிண்டர் சுவரில் உள்ள வாயுத் துளை) உயரம்தான். ஒழுகுகிறது என்று சிலிண்டருக்கு அடியில் இரண்டு பேக்கிங் வைத்தால் அந்த உயரம் மாறிவிடும், கம்ப்ரஷனும் குறையும். ஒழுகினால் முகத்தைச் சமப்படுத்துங்கள், ஒரே பேக்கிங் போடுங்கள்.

டைமிங் சரியாக இருந்தும் பிஸ்டன் போனால் அடுத்த சந்தேகம் கிராங்க் சீல். அது காற்றை இழுத்தால் மிக்சர் வறண்டுவிடும், அதாவது காற்றோடு கலக்கிற பெட்ரோல் போதாது.

அந்தத் தம்பியின் வண்டி இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது. அவர் அப்பா ஓட்டிய வண்டி. இதுவரை போர் அடிக்காத (உள்சுவரைக் கடைந்து பெரிதாக்காத) சிலிண்டர், இப்போது ஓவர்சைஸுக்குப் போகிறது. சரியான பிஸ்டன் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில் டயல் கேஜ் இல்லாத மெக்கானிக் என்றால், நீங்களே ஒன்று வாங்கி அவர் கையில் கொடுங்கள். வண்டியை எடுக்கும் முன் இரண்டு பக்கமும் முள் 2.0இல் நிற்பதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு எடுங்கள்.