கறுத்த கனத்த கல்லெல்லாம் குரோமைற் அல்ல

கல் பார்க்கத் தெரிந்தவன் என்று திருகோணமலையில் பெயர் எடுத்துவிட்டால், கறுப்புக் கற்களின் படங்கள் வந்தபடியே இருக்கும். "அண்ணை, தோட்டத்தில கிடந்தது, நல்ல பாரம். குரோமைற்தானே?" குரோமியம் எடுக்கும் தாதுக்கல்தான் குரோமைற். வரும் கற்களில் கொல்லன் உலையிலிருந்து வந்த இரும்புக் கிட்டமும் உண்டு. உடைத்தால் உள்ளே காற்றுக் குமிழித் துளைகள் தெரியும். பேச்சு அங்கேயே முடிந்தது.

மற்றவற்றுக்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. தரை ஓட்டின் மெருகில்லாத பின்பக்கத்தில் கல்லை அழுத்தி இழுங்கள். குரோமைற் கபில நிறக் கோடு போடும். இரும்புத் தாதுவான மக்னடைற் கறுப்புக் கோடு போடும். காந்தமும் அதில் சட்டென்று ஒட்டும். தைற்றேனியத் தாதுவான இல்மனைற்தான் குழப்படிக்காரன்: கோடு கறுப்பாகவும் இருக்கும், கருங்கபிலமாகவும் இருக்கும். புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் கூடுதலாக இருப்பது இதுதான். அதைப் போத்தலில் அடைத்து வந்து குரோமைற் என்று வாதாடியவர்களும் உண்டு.

கோட்டின் நிறத்தைவிட, கல் எந்தப் பாறையில் இருந்தது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். மக்னீசியமும் இரும்பும் மிகுந்து சிலிக்கா குறைந்த அல்ட்ராமாஃபிக் பாறைகளே குரோமைற்றின் தாய்வீடு. டியூனைற், பெரிடோற்றைற், அவை நீர்பட்டு மாறிய சேர்ப்பன்ரினைற் எல்லாம் இந்த வகை. நம்மைச் சுற்றிக் கிடப்பதோ பெரும்பாலும் நைஸ், குவாட்சைற் என்ற வேறு வகைப் பாறைகள். இலங்கையில் சேர்ப்பன்ரினைற் பார்க்க வேண்டுமானால் தெற்கே உஸ்ஸங்கொட போன்ற சில இடங்களுக்குத்தான் போக வேண்டும். உஸ்ஸங்கொட தேசியப் பூங்கா. அங்கே தோண்ட நினைக்கவே கூடாது.

உண்மையான குரோமைற் மலைகளிலும் ஏமாற்றம் உண்டு. பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் உள்ள முஸ்லிம் பாக் மலைகளில் நூறு ஆண்டுக்கும் மேலாகத் தோண்டுகிறார்கள். கண்டத்தட்டுகள் மோதியபோது கரையேறிய பழைய கடலடித் தளம் அது. அங்கே தாது நீண்ட படுக்கையாக ஓடுவதில்லை. டியூனைற்றுக்குள் பலாச்சுளைபோல் ஆங்காங்கே பொதிந்திருக்கும். ஒரு சுளை சில மீற்றரிலேயே முடிந்துவிடலாம். மேலே பொறுக்கிய ஒரு கட்டியில் குரோமியம் ஒட்சைட்டு 48 வீதம் என்று ஆய்வுகூடம் சொன்னால், அது அந்தக் கட்டியின் கதை மட்டுமே. அகழிகள் வெட்டி, துளையிட்டு, அளந்து மாதிரி எடுக்காமல் "இத்தனை ஆயிரம் தொன்" என்று எவராவது காகிதம் நீட்டினால் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: சேர்ப்பன்ரினைற்றில் வெண்பச்சை நார் ஓடியிருந்தால் சுத்தியலால் உடைக்க வேண்டாம். அது கிரிசோற்றைல் என்ற கல்நாராக இருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துத்தான் நோயாக வெளிப்படும். படம் எடுத்து, கல்லைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.